முதுகில் வைத்து அடித்த டிக்

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறை எப்போதும் ஒரே மாதிரிதான் முடியும். குரூப் போட்டோ, சான்றிதழ், நடுவில் அவசர அவசரமாக ஒரு ஃபீட்பேக் படிவம். போன தடவை ஒருவர் பக்கத்தில் இருந்தவர் முதுகிலேயே தாளை வைத்து எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று டிக் அடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

பயிற்சியை நான்கு படிகளில் மதிப்பிடலாம் என்று அமெரிக்கப் பேராசிரியர் கிர்க்பேட்ரிக் 1959-லேயே எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, நடைமுறை மாறியதா, பலன் கிடைத்ததா. நாம் முதல் படியிலேயே குடித்தனம் நடத்துகிறோம்.

2019-ல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் திறன்சார் பாடத்திட்டம் வந்ததிலிருந்து மாணவர்களை லாக்புக்கில், அதாவது பயிற்சிப் பதிவேட்டில், ரிஃப்ளெக்‌ஷன் எழுதச் சொல்கிறோம். தன் அனுபவத்தைத் திரும்பிப் பார்க்க மூன்று கேள்வி: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. சொல்லிக்கொடுக்கிற நாம் எழுதுகிறோமா?

இந்த முறை பட்டறையில் மைக்ரோடீச்சிங், அதாவது சக ஆசிரியர்கள் முன்னால் சில நிமிடப் பாடம் எடுத்துப் பழகுவது, முடிந்ததும் யாரையும் கருத்துச் சொல்ல விடவில்லை. பாடம் எடுத்தவர் முதலில் எழுத வேண்டும். ரத்தசோகை பற்றிப் பாடம் எடுத்த உதவிப் பேராசிரியை எழுதியது: "கேள்வி கேட்டுவிட்டு நானே பதிலும் சொல்லிவிட்டேன். வகுப்பு அமைதியானால் எனக்குப் பயம்." எந்த செக்லிஸ்ட்டும் இதைப் பிடித்திருக்காது. மறுபடி எடுத்தபோது கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது.

மாலையில் பட்டறையை நடத்திய நாங்களும் உட்கார்ந்து அதே மூன்று கேள்விக்கு எழுதினோம். "இதெல்லாம் எதுக்குய்யா" என்றபடிதான் சீனியர் ஒருவர் பேனாவை எடுத்தார். அதிகம் எழுதியதும் அவர்தான். எழுதியதில் வந்த முடிவு: அடுத்த பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்லைடு கிடையாது. மூன்று மாதம் கழித்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, வகுப்பில் எதை மாற்றினீர்கள் என்று கேட்கப்போகிறோம்.