ஆட்டு மூளையும் புளியரை செக்போஸ்ட்டும்

அண்ணன் மகள் கொல்லம் பக்கம் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறாள். லீவுக்குச் செங்கோட்டை வந்தவள், மூளையில் நினைவு பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் படத்தை என் முன்னால் நீட்டி, "மனசிலாயில்ல அத்தே" என்றாள். ஆறே மாதத்தில் மலையாளம் ஒட்டிக்கொண்டுவிட்டது. முப்பது வருடம் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தியவள் நான். எனக்கே அந்தப் படம் பிடிபடவில்லை, அம்புக்குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு மூளை இரண்டு வாங்கினேன். பச்சை மூளை தொட்டாலே குழையும். அதனால் ஒன்றை மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் அரைவேக்காடாக எடுத்து, ஆறவிட்டு, கரண்டிக் காம்பால் மேல்மடிப்புகளை மெதுவாக ஒதுக்கினோம். "இது அடுப்படியா, பிணவறையா?" என்று அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வென்ட்ரிக்கிள் என்ற பொந்து திறந்தது. அதற்குள் வெள்ளையாக, வளைந்து இறங்கும் ஒரு மேடு. மனித மூளையில் இதையே பார்த்துத்தான் 1587இல் இத்தாலியரான அரான்சி கடல்குதிரை என்று பேர் வைத்தார். "முந்திரிப்பருப்பு மாதிரில்லா இருக்கு" என்றாள் இவள். கொல்லத்துச் சகவாசம்.

ஆட்டுக்கு இது மூளையின் நடுவிலுள்ள தலாமஸை ஒட்டிப் பின்பக்கமாக வளைகிறது. நமக்கு இரண்டு பக்கமும் காதுக்கு உள்ளே தள்ளி, டெம்போரல் மடலின் உட்புறத்தில் இருக்கிறது.

சரி, அம்புக்குறிகள். கேரள எல்லையில் லாரிகள் நிற்கும் புளியரை செக்போஸ்ட்டை வைத்துச் சொன்னேன். பார்த்தது, கேட்டது எல்லாம் லோடாக வந்து முதலில் நிற்கும் இடம், ஹிப்போகாம்பஸை ஒட்டிய என்டோரைனல் கார்டெக்ஸ். அங்கிருந்து வரிசையாக உள்ளே இருக்கும் நிறுத்தங்கள்: டென்டேட் கைரஸ், அப்புறம் சி.ஏ.3, சி.ஏ.1, சுபிகுலம், மறுபடி என்டோரைனல் கார்டெக்ஸ். பெரும்பாலும் ஒருவழிப் பாதை. இதில் எனக்குப் பிடித்தது சி.ஏ.3தான். அங்குள்ள செல்கள் தங்களுக்குள்ளேயே கிளை பின்னிக்கொள்கின்றன. பாதி முகத்தைப் பார்த்ததும் முழு ஆளும் நினைவுக்கு வருவது இந்தப் பின்னலால்தான் என்கிறார்கள்.

"அப்போ நினைவெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கா?"

அங்கேதான் எல்லோரும் சறுக்குவது. அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு 1953இல், 27 வயதில், வலிப்புக்காக இரண்டு பக்கமும் இந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு புதிதாகச் சந்தித்த யாரையும் அவருக்கு நினைவில்லை. பிள்ளைப் பருவத்துக் கதைகள் மட்டும் தங்கின. கேட்டைப் பூட்டினால் புது லாரி வராது, சந்தையில் ஏற்கெனவே இறக்கிய மூட்டை எங்கே போகும்? ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேறியது. முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது! கைப்பழக்கத்துக்கு வேறு ரூட்.

வெளியே போகும் பெரிய சாலை ஃபோர்னிக்ஸ். மாமில்லரி பாடி, தலாமஸின் முன்பகுதி, சிங்குலேட் என்று மூளையின் வேறு பகுதிகளைச் சுற்றித் திரும்பவும் ஹிப்போகாம்பஸுக்கே வந்து சேரும். இந்தச் சுற்றை 1937இல் எழுதியவர் பேப்பெஸ் என்ற நரம்பியல் அறிஞர். அவர் இதை உணர்ச்சிக்கான பாதை என்றுதான் நினைத்தார்.

ஃபோர்னிக்ஸைத் தேடும்போது மூளை இரண்டாகப் பிளந்துவிட்டது. அவள் படத்தை மூடிவைத்து, பேப்பரில் தானே வரைந்தாள். சுபிகுலத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

இன்னொரு மூளையை அண்ணி மிளகு போட்டு வறுத்தாள். இவள் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டாள்.