ஸ்கிரிம்ஷா: வேலைக்குப் பிறந்து பொருளுக்குப் பெயரான சொல்

ஸ்பெர்ம் திமிங்கலத்தின் பல்லில் கப்பலையோ வேட்டைக் காட்சியையோ கோடுகளாகக் கீறி, அக்கோடுகளில் கரியைத் தேய்த்து எழுப்பும் கைவேலையை இன்று 'ஸ்கிரிம்ஷா' என்கிறார்கள். அருங்காட்சியகத்திலும் ஏலக்கூடத்திலும் இது ஒரு பொருளின் பெயர். திமிங்கல வேட்டைக் கப்பல்களிலோ, முதலில் ஒரு வேலையின் பெயராகத்தான் இது வழங்கியது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து டார்ட்மவுத்தைச் சேர்ந்த 'பை சான்ஸ்' என்ற கப்பலின் 1826ஆம் ஆண்டு நாட்குறிப்பில், காற்றுக் குறைந்து மூடுபனி சூழ்ந்த ஒரு நாளில் ஆட்கள் அனைவரும் 'ஸ்கிரிம்ஷான்டிங்' செய்துகொண்டிருந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் அச்சொல்லுக்கு விளக்கம் எதுவும் தரவில்லை. கப்பலில் அது அதற்கு முன்பே புழங்கிப் பழகியிருந்தது என்பதற்கு அந்த மௌனமே போதிய சான்று.

அமெரிக்கத் திமிங்கல வேட்டைத் துறைமுகங்களான நான்டக்கெட்டிலிருந்தும் நியூ பெட்ஃபோர்டிலிருந்தும் கிளம்பிய கப்பல்கள் திரும்ப மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். வேட்டைப் படகு ஒவ்வொன்றுக்கும் ஆறு பேர் வேண்டியிருந்ததால், கப்பலைச் செலுத்தத் தேவையானதைவிட அதிகமானோர் அதில் இருந்தனர். திமிங்கலம் தென்படாத நாளில் அத்தனை பேருக்கும் கை சும்மா இருந்தது. பல்லின் மேல் உள்ள வரிகளைக் கத்தியால் சுரண்டி, சுறாத்தோலால் தேய்த்து வழவழப்பாக்கி, பாய் தைக்கும் ஊசியால் கீறி, விளக்குக் கரியைப் பூசித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கருமை தங்கிவிடும். படம் மட்டுமல்ல, பெண்களின் மார்க்கச்சைக்குள் செருகும் எலும்புப் பட்டை, மாவின் ஓரத்தை வெட்டும் சிறு சக்கரம், நூல் சுற்றும் கருவி எல்லாமே இச்சொல்லுக்குள் அடங்கின.

1851இல் வெளிவந்த 'மோபி டிக்' நாவலில் இதன் வடிவம் 'ஸ்கிரிம்ஷாண்டர்'. சொல்லின் பிறப்பு தெளிவாகவில்லை என்றே அகராதிகள் கூறுகின்றன. ஸ்கிரிம்ஷா என்று ஆங்கிலக் குடும்பப்பெயர் ஒன்றும் உண்டு. வாள்வித்தை பயிற்றுபவரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. வாளையும் மாலுமியின் கத்தியையும் முடிச்சுப் போட ஆசை எழத்தான் செய்யும். எனினும் 'ஷான்டிங்', 'ஷாண்டர்' என்ற முந்தைய ஈறுகள் அதற்கு இடம் தரவில்லை. அலைந்து திரிந்த உச்சரிப்பு, பழகிய பெயரொன்றின் சாயலில் பின்னாளில் நிலைபெற்றது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வேலைக்கு டிமிக்கி கொடுப்பதைக் குறிக்கும் பிரிட்டிஷ் ராணுவக் கொச்சையான 'ஸ்கிரிம்ஷாங்க்' இதன் உறவாக இருக்கலாம் என்பார்கள். ஒலி ஒத்திருப்பதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை.

அமெரிக்க அதிபர் கென்னடி இப்பற்களைச் சேகரித்தது பலருக்கும் தெரிந்த பின் இவற்றின் மதிப்பு ஏறியது. கூடவே பிசினில் வார்த்த போலிகளும் பெருகின. கப்பலின் பெயரும் ஆண்டும் சேர்த்தே அச்சில் வார்க்கப்படும் அப்போலிகளுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'ஃபேக்‌ஷா'. எங்கிருந்தோ வந்து ஒட்டிய 'ஷா', இப்போது தனியே கழன்று இன்னொரு சொல்லையும் ஈன்றுவிட்டது.