ஃபார்மட் வேண்டாம்: குடியாத்தம் நாட்குறிப்பு

மே 8, 2025

சித்தப்பாவின் டி.டி.பி. கடைக் கணினி இன்று காலை எழும்பவில்லை. விண்டோஸ் சின்னம் வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, அணைந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. தானாகப் பழுது நீக்கும் திரையும் வந்து கைவிரித்துவிட்டது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நோட்டீஸ் வேலை குவிந்து கிடக்கும் வாரம் இது.

பழுது பார்ப்பவர் தொலைபேசியிலேயே, "ஃபார்மட் செய்துவிடலாம் சார், டி டிரைவுக்கு ஒன்றும் ஆகாது" என்றார். சித்தப்பா தலையாட்டுவதற்குள் தடுத்துவிட்டேன். கோப்புகள் டி டிரைவில் இருக்கின்றன, சரி. எழுத்துருக்கள் ஃபார்மட்டில் அழியப்போகும் சி டிரைவில், விண்டோஸுக்குள் அல்லவா இருக்கின்றன? சித்தப்பா பக்கம் வடிவமைப்பது பேஜ்மேக்கரில். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடை அறியாத மென்பொருள். அதில் அடித்த தமிழ், கோப்புக்குள் வெறும் ரோமன் எழுத்துகளாகவும் குறிகளாகவும்தான் கிடக்கிறது. அதற்குரிய எழுத்துரு இருந்தால் மட்டுமே தமிழாகத் தெரியும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் எழுத்துகளைத் தன் விருப்பப்படி அடுக்கியிருந்ததால், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டாலும் படிக்க முடியாது. ஊரின் எத்தனையோ கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் நோட்டீஸ்களும் அப்படித்தான் இருக்கின்றன. இதை யோசிக்காமல் ஃபார்மட் என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது.

மே 9

விண்டோஸுக்குப் பதிலாக, பென் டிரைவிலிருந்து உபுண்டு என்ற வேறொரு இயங்குதளத்தை ஓட்டினேன். ஹார்டு டிஸ்க்கில் எதையும் நிறுவாமலே அது இயங்கும். முதலில் எழுத்துருக் கோப்புறை, பிறகுதான் மற்றவை. நடுவில் நகலெடுப்பது திணறியது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தால், படிக்க முடியாத செக்டார்கள், அதாவது தரவு பதியும் சிறு பகுதிகள், சேர்ந்திருக்கின்றன. கோளாறு விண்டோஸில் இல்லை, டிஸ்க்கில். ஃபார்மட் செய்திருந்தாலும் இதே டிஸ்க் மறுபடி காலை வாரியிருக்கும். கோப்பு அமைப்பின் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கையும் ஓட்டவில்லை, அது டிஸ்க்கில் எழுதும். பழுதான டிஸ்க்கில் எழுதவே கூடாது.

மே 10

பழைய டிஸ்க்குக்குப் பதிலாக வேலூரில் எஸ்.எஸ்.டி. வாங்கி வந்தேன். பழுதான டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுக்கும் டிடிரெஸ்கியூ ஓடுகிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்குகிறது. எதுவரை படித்தது என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துவைக்கிறது. அந்தக் கோப்பை வெளி டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். மாலையில் மின்சாரம் போய் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. மூலத்துக்கும் நகலுக்கும் டிரைவ் பெயரை மாற்றிக் கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால், சித்தப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்த பிறகே என்டர் தட்டினேன்.

மே 11

செக்டிஸ்க்கைப் புதிய டிஸ்க்கில் ஓட்டினேன். பிறகு விண்டோஸ் நிறுவும் பென் டிரைவின் கட்டளைத் திரையிலிருந்து, விண்டோஸ் எழும்பத் தேவையான தொடக்கக் கோப்புகளை அமைக்கும் பிசிடிபூட் கட்டளை. அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். நம் சி டிரைவ் அங்கே டி என்ற பெயரில் வந்திருந்தது. விண்டோஸ் கோப்புறை எங்கே என்று பார்த்துவிட்டுக் கட்டளை கொடுத்ததும் கணினி எழும்பியது.

சித்தப்பா சிரசு நோட்டீஸைத் திறந்து, ஒரு வரியைத் திருத்தி, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். அடுத்த வேலை, பழைய கோப்புகளைப் பி.டி.எஃப். ஆக்குவது. விண்டோஸ் 10க்கான ஆதரவு அக்டோபர் 14 அன்று முடிகிறது. அதற்குள் முடித்துவிட வேண்டும்.