பேத்திக்காகக் கோர்ட்டுக்கு அலைந்த பதினாலு மாதம்

என் மகள் தவறியபோது பேத்திக்கு இரண்டு வயது. அன்றிலிருந்து அவள் எங்களிடம்தான். மாப்பிள்ளை திருப்பூருக்குப் போய் மறுமணம் செய்துகொண்டார். ஆறு வருடம் யாரும் எங்களிடம் எந்தக் காகிதமும் கேட்கவில்லை.

ஒருநாள் மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் செய்தார். "அப்பான்னு ஒருத்தர் வந்திருக்கார், பிள்ளையை அனுப்பட்டுமா?" நாங்கள் ஆட்டோ பிடித்து ஓடினோம். அன்றைக்குச் சண்டை இல்லாமல் அவர் திரும்பிப் போய்விட்டார். ஆனால் போகும்போது, "சட்டப்படி நான்தான் கார்டியன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மை என்று மறுநாள்தான் தெரிந்தது. 1956ஆம் வருடத்து இந்து இளவர் (மைனர்) சட்டப்படி பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர், அதாவது கார்டியன், தகப்பன், அவருக்குப் பிறகு தாய். அந்த வரிசையில் தாத்தாவும் இல்லை, ஆச்சியும் இல்லை.

சொந்தக்காரர்கள், "இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கி நோட்டரியிடம் சீல் போட்டுக்கோங்க" என்றார்கள். யாரும் இதை நம்ப வேண்டாம். பொறுப்பு யாருக்கு என்று கோர்ட்டுதான் சொல்ல முடியும்.

பென்ஷனில் வக்கீல் வைக்க முடியுமா என்று பயந்தோம். கோர்ட்டு வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள். அதனால் முதல் மனுதாரர் நான், இரண்டாவது என் வீட்டுக்காரர். (அவருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்.)

எங்களுக்குக் கிடைத்த வக்கீல் சின்னப் பெண், ஆனால் கெட்டி. அவள் சொன்ன விஷயம்தான் வழக்கின் போக்கையே மாற்றியது. 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தில் 19ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். தகப்பன் உயிரோடு இருந்து, அவர் தகுதியில்லாதவர் என்று கோர்ட்டு நினைக்காதவரை, வேறு ஒருவரைப் பிள்ளைக்குக் காப்பாளராக நியமிக்க முடியாது. "ஆச்சி, காப்பாளர் பட்டம் கேட்டால் அவரைத் தகுதியில்லாதவர்னு நிரூபிக்கணும். நிரூபிப்பீங்களா?"

என் வீட்டுக்காரர் உடனே, "குடிகாரன்னு எழுதும்மா" என்றார். நான் யோசித்தேன். மாப்பிள்ளை தீபாவளிக்குக் குடிப்பார், அவ்வளவுதான். அவர் செய்த தப்பு பிள்ளையை மறந்து இருந்தது. அதை மட்டும் எழுதச் சொன்னேன். காப்பாளர் பட்டம் வேண்டாம், பிள்ளை எங்கள் பொறுப்பில் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டோம். அன்றைக்குக் கோபத்தில் வேறு எதையாவது எழுதியிருந்தால் இன்றைக்கும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருப்போம்.

பிள்ளை வழக்கமாக வசிக்கிற ஊர்க் கோர்ட்டில்தான் மனு போட வேண்டும். அதனால் திருப்பூருக்கு அலையாமல் எங்கள் ஊர்க் குடும்ப நல நீதிமன்றத்திலேயே முடிந்தது. வழக்கு முடியும்வரை பிள்ளையை இடம் மாற்றக் கூடாது என்று இடைக்கால உத்தரவும் வாங்கினோம். அந்த நகலைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் ஐந்து மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. நோட்டீஸ் 'வீடு மாறிவிட்டார்' என்று திரும்பி வந்தது, இரண்டு தடவை.

ஆவணங்களில் எங்களைக் காப்பாற்றியது தடுப்பூசி அட்டை. பிறப்புச் சான்றிதழ், மகளின் இறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீது எல்லாம் கொடுத்தோம். ஆனால் இரண்டு வயதுக்குப் பிறகு போட்ட ஊசியெல்லாம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்று தேதியோடு காட்டியது அந்தக் கிழிந்த அட்டைதான். பழைய காகிதம் என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டது எங்கள் வயதை. எனக்கு 61, அவருக்கு 67. எங்கள் வக்கீல் 2022 ஜூனில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினாள். கொரோனாவில் பெற்றோரை இழந்த ஒரு சிறுவனை, வயதைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றம் சித்தி முறைக்காரரிடம் கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அவனை அப்பா வழித் தாத்தா பாட்டியிடமே கொடுத்தது. அங்கே தகப்பன் உயிரோடு இல்லை, எங்கள் வழக்கு வேறு மாதிரி. ஆனாலும் வயசுப் பேச்சு அதோடு அடங்கியது.

நீதிபதி பேத்தியைத் தன் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பத்து நிமிடம். என்ன கேட்டார், இவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "அது எனக்கும் ஜட்ஜம்மாவுக்கும்" என்கிறாள்.

கவுன்சலிங்கில்தான் விஷயம் முடிந்தது. மனுவை முழுதாக வாசித்துவிட்டு மாப்பிள்ளை, "என்னைப் பத்தித் தப்பா ஒண்ணும் எழுதலையே அத்தை" என்றார். மூன்றாவது அமர்வில் சம்மதித்தார். பிள்ளை எங்களிடம், காப்பாளர் அவர்தான், கையெழுத்து தேவைப்பட்டால் போடுவார், மாதம் இரண்டு ஞாயிறு காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அவரோடு. அதையே கோர்ட்டு உத்தரவாகப் போட்டது. மொத்தம் பதினாலு மாதம், பத்தொன்பது வாய்தா.

முதல் ஞாயிறு மாலை ஆறரை ஆகியும் பேத்தி வரவில்லை. வீட்டுக்காரர் பீரோவிலிருந்து உத்தரவு நகலை எடுத்து, 'மாலை ஐந்து மணி' என்று இருக்கும் வரியை எனக்கு வாசித்துக் காட்டினார். தெருவில் பைக் சத்தம் கேட்டது. அதை மடித்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்கும் சேர்த்து இட்லி ஊற்றினேன்.