அப்பாவின் இடது கை

அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. சிறுநீரில் புரதம் போவது தெரிந்ததிலிருந்து நெப்ராலஜிஸ்ட்டிடம்தான் (சிறுநீரக மருத்துவர்) காட்டிவந்தோம். சிறுநீரகம் எந்த அளவு வேலை செய்கிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் 20-க்குக் கீழே இறங்கியதும் டாக்டர் சொல்லிவிட்டார்: "இனி இடது கையில் ஊசி, பிபி எதுவும் வேண்டாம். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்டுவிடலாம்."

அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "நல்லாத்தானே நடமாடுறேன், எதுக்கு இப்பவே கையைக் கிழிக்கணும்?" என்றார். உடம்பில் பெரிதாக எதுவும் தெரியாதபோது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். டாக்டர் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தத்தை இழுக்கும். சாதாரண சிரை அதைத் தாங்காது. கையிலுள்ள தமனியோடு சிரையைச் சேர்த்துத் தைப்பதுதான் ஃபிஸ்டுலா. அப்படித் தைத்தால், பாயும் ரத்தத்தின் வேகத்தில் சிரை பருத்து, சுவர் தடிக்கும். அதற்குக் குறைந்தது 6 வாரம், சிலருக்கு 3 மாதம்கூட ஆகும். அதுவரை காத்திருக்க முடியாத நிலையில் போனால் கழுத்தில் குழாய்தான். அதன் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறும் அபாயம் அதிகம். கழுத்து என்றதும் அப்பா சம்மதித்தார்.

கையை மட்டும் மரக்கச் செய்துதான் ஆபரேஷன். தையல் ஆறியபின் பந்தை அழுத்தும் பயிற்சி. தினமும் காலையில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். விர்ரென்று ஓர் அதிர்வு இருக்க வேண்டும். அந்தக் கையில் வாட்ச் கிடையாது, பை தூக்குவதில்லை, அதன்மேல் படுப்பதும் இல்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் வலது கையைத்தான் நீட்டச் சொல்வேன்.

பிறகு டயாலிசிஸ் தொடங்கியது: வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் 4 மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவை ஓரளவு சமாளித்தோம். தகுதி உள்ளவர்கள் அட்டையை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சாப்பாட்டில்தான் பெரிய போராட்டம். இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் ஏறும் என்று நிறுத்தப்பட்டன. காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுவோம். 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும், அதைத் தொடாதீர்கள். சாதாரண உப்பைக் குறைத்த பிறகுதான் தாகம் அடங்கியது. தண்ணீர் அளவைக் கடைப்பிடிக்கவும் முடிந்தது. பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும், அதனால் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவோம்.

ஃபிஸ்டுலா போட்டவர்களுக்கு ஒன்று: அதிர்வு நின்றதுபோலத் தெரிந்தால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் கட்டி அடைத்திருந்தால், சீக்கிரம் போனால்தான் அதைக் காப்பாற்ற வழி உண்டு.