தொகுதி மடல் எழுதும் மேசை

சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் தொகுதி மடல், அதாவது தொகுதி மக்களுக்குக் கொடுக்கும் செய்தித் தாள், தயாரிக்க உட்கார்ந்தால் முதலில் வந்து குவிவது திறப்பு விழாப் படங்கள்தான். நிழற்குடை, உயர்கோபுர விளக்கு, ரேஷன் கடைக் கட்டடம். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி எதற்குப் போனது என்று சொல்ல ஒரு பத்தி போதும். வேலூர் மாவட்டத்தில் குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறவர், எங்கே போவது, என்ன காகிதம் கொண்டுபோவது என்பதற்காகத்தான் வைத்துக்கொள்கிறார்.

வேலை பற்றி எழுதும்போது கை கூசவேண்டும். ‘வேலைக்கு ஆவன செய்யப்படும்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், அதைக் காட்டியே முன்பணம் வாங்க ஆள் கிளம்பிவிடுவான். எம்.எல்.ஏ. கடிதத்துக்கு அரசு வேலை கிடைக்காது என்று முதல் வரியிலேயே அச்சிடுவது நல்லது. பிறகு உருப்படியானது: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். நிரந்தரப் பதிவுக் கட்டணம் 150 ரூபாய், 5 ஆண்டு செல்லும். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காதவர் மற்ற பகுதியில் எவ்வளவு எடுத்தாலும் தரவரிசையில் வரமாட்டார். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பேரணாம்பட்டுப் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு இதைவிட அவசரமான விஷயம் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். உடம்பு முடியாமல் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பதும் பலருக்குத் தெரியும். நாள் கணக்குதான் தெரிவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளாவது சந்தா விழுந்திருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அந்தப் பணம் வரும். அக்டோபர் முதல் மார்ச் வரை விழுந்தது ஜூலையிலிருந்து டிசம்பருக்கு. ஆர்டர் குறைந்து கம்பெனி மூன்று மாதத்துக்கு மேல் நிறுத்தினால் 78 எட்டாமல் போகும். ‘அட்டை இருக்கு, பணம் வரலை’ என்று வரும் மனுவில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

மருத்துவத்தில் அதிகம் கேட்கப்படுவது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், மூன்றையும் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு நேரில் போக வேண்டும். இவ்வளவுதான், ஆனால் இதில் சறுக்கும் இடம் மருமகள். அவள் பெயர் தாய்வீட்டு ரேஷன் அட்டையிலேயே நிற்கும். பிரசவம், ஆபரேஷன் என்று வரும் நாளில்தான் இந்த வீட்டு அட்டையில் அவள் இல்லை என்று தெரியவரும். கல்யாணமான கையோடு அங்கே நீக்கி இங்கே சேர்க்கச் சொல்லி மடலில் கொட்டை எழுத்தில் போடலாம்.

அடுத்த சறுக்கல், பணம் கட்டிப் படுக்கையில் சேர்ந்த பிறகு அட்டையை நீட்டுவது. இது ரொக்கமில்லாத் திட்டம். மருத்துவமனை முன்அனுமதி வாங்கிய பின்பே சிகிச்சை. கட்டிய பில்லுக்குப் பிறகு காசு திரும்பும் என்று நம்பி அலைவதில் பயனில்லை. ஆகவே சேரும்போதே, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையானாலும், காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்ட வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்கும் வெளிநோயாளிச் சீட்டுக்கும் இது பொருந்தாது.

வாக்காளர் பட்டியலுக்கு வருவோம். புதிதாகச் சேர படிவம் 6, நீக்க 7, திருத்தவும் முகவரி மாற்றவும் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளில் 18 வயது நிரம்பினாலும் சேரலாம்; 17 ஆனவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். காட்பாடியில் பிறந்து குடியாத்தத்துக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு மறுபடி படிவம் 6 எழுதிக் கொடுப்பது வழக்கமான தவறு. பழைய பெயர் அங்கேயே நிற்க, இரண்டு இடத்தில் பதிவு என்று ஆகிவிடும். அது சட்டப்படி குற்றம். படிவம் 8 கொடுத்தால் அடையாள அட்டை எண் மாறாமல் பெயர் இடம் மாறும்.

வேலூருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. உருது பேசும் குடும்பங்களின் பெயரை இணையத்தில் ஆங்கிலத்தில் அடித்தால் தமிழெழுத்து தானாக விழும். முகமது, முகம்மது, மொஹமத் என்று ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதம். தந்தை பெயரும் அப்படியே. தமிழ்ப் பெட்டியை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகு சமர்ப்பித்தால் பின்னால் ஒரு படிவம் 8 மிச்சம். அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்கு இல்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். சந்தேகம் கேட்க உதவி எண் 1950.

பணப் பட்டுவாடாப் புகாரில் 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5-இல் நடந்த ஊர் இது. அதனால் மடலின் இந்த வாக்காளர் பட்டியல் பகுதியில் கட்சிச் சின்னமும் நிறமும் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் அரசுச் செலவில் மடல் கிடையாது. கட்சிச் செலவில் துண்டறிக்கை போட்டாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் முகப்பில் இருக்க வேண்டும். பிழைதிருத்துபவர் எப்போதும் கடைசியாகப் பார்ப்பது அந்த வரியைத்தான், முதலில் பார்க்கட்டும்.