மணிக்கட்டில் பெயின்ட் கறை

பகலில் கிடங்கு வேலை, மாலையில் மெல்பர்னின் ஒரு சிறு நாடகக் குழுவில் மேடைப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த முறை நாங்கள் எடுத்தது ஆஸ்திரேலிய நாடகாசிரியர் ரே லாலரின் 'சம்மர் ஆஃப் த செவன்டீன்த் டால்' (பதினேழாவது பொம்மையின் கோடை) என்ற நாடகம். 1955 நவம்பரில் இதே ஊரில்தான் முதலில் மேடையேறியது. லாலரே அதில் பார்னி என்ற பாத்திரமாக நடித்தார்.

ரூ, பார்னி இருவரும் குவீன்ஸ்லாந்தில் கரும்பு வெட்டுகிறவர்கள். வெட்டு இல்லாத ஐந்து மாதமும் மெல்பர்னின் கார்ல்டன் பகுதியில், ரூவின் காதலி ஆலிவ் வீட்டில் தங்குவார்கள். ஒவ்வொரு கோடைக்கும் ரூ அவளுக்கு கியூப்பி என்ற குழந்தை முகப் பொம்மை ஒன்று கொண்டுவருவான். பதினேழாவது கோடையில் பொம்மை வருகிறது, கையில் காசில்லை. டௌட் என்ற இளைஞன் வெட்டில் முந்திவிட, குழுவுக்கு மேஸ்திரியாக இருந்த ரூ பாதி சீசனில் விலகிவிட்டான். பார்னி அவனோடு வரவில்லை. அப்புறம் ரூ ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் சேருகிறான். பெயின்ட் கறை படிந்த கோலத்தில் அவன் இருக்கும்போதே பார்னி டௌட்டை வீட்டுக்குக் கூட்டிவருகிறான்.

அந்தக் கறையைப் போடுவது என் பொறுப்பு. முதலில் சட்டை முழுக்க அப்பியிருந்தேன். ரூவாக நடித்தவர் பார்த்துவிட்டு, "நெஞ்சில் வேண்டாம், மணிக்கட்டில் போடுங்கள். கைகுலுக்கும்போது டௌட் பார்க்கட்டும்" என்றார். தூரிகையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு கிடங்கில் என் முதுகு பிடித்துக்கொண்டது. லைட் டியூட்டி என்று வாசலருகே ஒரு மேசையில் லேபிள் ஒட்டச் சொன்னார்கள். வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படும் இடம். நான் தொழில் சொல்லிக்கொடுத்த பையன் என் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன். ஒருநாள் அக்கறையாக முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டான். சரியாகிவிட்டது என்று சொல்லி, அவன் எதிரிலேயே ஒரு பெட்டியைத் தூக்கினேன். ஆறு வாரம் படுக்கை. மனைவியிடம் குளிரில் வந்த வலி என்றேன்.

அதனால் ரூவை வீம்பு பிடித்தவன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. படிப்போ சொத்தோ இல்லாதவனுக்கு அவன் உடம்புதான் பதவி. லேபிள் ஒட்டுவது எனக்குக் கேவலமாகத் தோன்றவில்லை. அந்தப் பையன் பார்க்க ஒட்டுவதுதான் தாங்கவில்லை. ஆலிவும் அந்தப் பழைய ரூவைத்தான் கேட்கிறாள். இங்கேயே வேலை பார்க்கிறேன், கல்யாணம் செய்துகொள்வோம் என்று அவன் வரும்போது அவளால் ஏற்க முடியவில்லை. அவள் போனபின் அவன் பதினேழாவது பொம்மையைப் பியானோவில் அடித்து நொறுக்குகிறான். அதற்காக ஒவ்வோர் இரவும் புதுப் பொம்மை கட்டுவேன்: பிரம்பு, ஜரிகை, எளிதில் உடையும் மெல்லிய பிளாஸ்டிக்.

கடைசி நாள் மனைவி பார்க்க வந்தாள். ஆட்கள் போனபின் மேடையில் சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அருகில் வந்து நின்றாள்.

"குளிர்ல வந்த வலின்னு சொன்னீங்களே, அது இதுதானா?"

ஆமாம் என்றேன். அவள் என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். நான் முறத்தைப் பிடித்தேன்.